கந்தகமும் கந்தமூலமும்

(திருநாள் விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

எழுத்தில் ஒத்துப் பொருளில் வேறுபடும் இரு சொற்களிலிருந்து இச்சொற்பொழிவு தொடங்குகிறது. ஒன்று கந்தகம், மற்றொன்று கந்தமூலம். கந்தகம் என்னும் சொல் மணத்தைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. கந்தமூலம் என்பதில் உள்ள கந்தமோ கிழங்கைக் குறிக்கும் வேறொரு வடசொல். வடமொழியில் இவ்விரண்டுக்கும் முதலெழுத்தே வேறு. தமிழ் நெடுங்கணக்கில் அவ்வேறுபாட்டைக் காட்டும் எழுத்து இல்லாமையால் இரண்டும் ஒரே வடிவம் பெற்றுவிட்டன.

சொல்லில் நேர்ந்த இம்மயக்கம் கருத்திலும் நேர்ந்துள்ளது. வெங்காயமும் பூண்டும் விலக்கப்படுவது அவற்றின் நாற்றம் பற்றியே என்று கருதுவோர் பலர். அந்நாற்றத்துக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள் என்று கல்லூரியில் கற்ற இளைஞர்கள் அடுத்த வினாவை எழுப்புகின்றனர்: "அச்சேர்மங்கள் இதயத்துக்கு நல்லவை என்று கூறுகிறார்களே, அவற்றை விலக்குவது உடலுக்குக் கேடு அல்லவா?" இல்லத்துப் பெரியவர்களுக்கோ வேறொரு வினா: "மருத்துவர் எழுதித் தந்த இம்மருந்து விரதத்துக்கு ஏற்றதுதானா?" முதல் வினாவுக்குத் தவறான விடை கொண்டவர் காரணமின்றி விரதத்தைக் கைவிடுகிறார். இரண்டாம் வினாவுக்குத் தவறான விடை கொண்டவர் காரணமின்றி மருந்தைக் கைவிடுகிறார். இரண்டும் இழப்பே. ஆகவே கந்தகத்தின் இயல்பையும் விரதத்தின் காரணத்தையும் தனித்தனியே தெளிந்து கொள்ளுதல் நன்று.

கந்தகத்தின் இயல்பு

கட்டியாகக் கிடைக்கும் மஞ்சள் நிறத் தூய கந்தகத்துக்குப் பெரிதாக மணம் ஏதும் இல்லை. அது எரியும்போதும் பிற தனிமங்களோடு கூடும்போதுமே நெடி பிறக்கிறது. தனிம வரிசை அட்டவணையில் ஆக்சிஜனுக்கு நேர் கீழே அமைந்திருப்பது கந்தகம். ஆதலால் ஆக்சிஜன் அமரும் இடங்கள் பலவற்றில் கந்தகமும் அமர வல்லது. ஆனால் அவ்வாறு அமர்ந்தபின் பொருளின் தன்மை முற்றும் மாறிவிடுகிறது.

ஓர் ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் கூடினால் நீர். அந்த ஆக்சிஜனின் இடத்தில் கந்தகம் அமர்ந்தால் அழுகிய முட்டையின் நாற்றமுடைய நச்சு வாயு. சாராயத்தின் மூலக்கூறில் உள்ள ஆக்சிஜனை நீக்கிக் கந்தகத்தை வைத்தால் எத்தில் மெர்காப்டன் என்னும் சேர்மம் உண்டாகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த வில்லியம் சைசே என்னும் வேதியியலார் 1834இல் இதனைக் கண்டறிந்தார். பாதரசத்தைப் பற்றிக் கொள்ளும் இயல்பு கண்டு, 'பாதரசத்தைப் பிடிப்பது' என்னும் பொருளில் அதற்கு அப்பெயரை இட்டார். சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் வாசனை இல்லை. கசிவு உடனே தெரிய வேண்டும் என்பதற்காக அதில் மிகச் சிறிதளவு எத்தில் மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது. அடுப்படியில் அருவருப்பூட்டும் அந்த நாற்றம் நாள்தோறும் எத்தனையோ குடும்பங்களைக் காத்து வருகிறது.

ஆகவே, கந்தகம் நல்லது என்றோ தீயது என்றோ ஒரே சொல்லில் தீர்ப்புக் கூற இயலாது. எதனோடு கூடியது, எவ்வடிவில் கூடியது, எவ்வளவு என்பவற்றைக் கண்டே கூற இயலும். ஒரு பொருளைப் பல நோக்கில் நின்று காண வேண்டும் என்னும் அநேகாந்தத்தைப் போற்றும் மரபினருக்கு இது புதிய பாடம் அன்று.

பூண்டிலும் வெங்காயத்திலும் நிகழ்வது

முழுப் பூண்டுப் பல்லுக்கு மணம் மிகக் குறைவு. நசுக்கிய கணத்திலேயே நெடி எழுகிறது. பல்லின் உயிரணுக்களில் அல்லியின் என்னும் மணமற்ற கந்தகச் சேர்மம் ஓர் அறையிலும், அல்லினேஸ் என்னும் நொதி வேறோர் அறையிலும் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. பூச்சி கடித்தாலோ கத்தி பட்டாலோ சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. நொடிப்பொழுதில் அல்லிசின் என்னும் காரமான சேர்மம் உருவாகிறது. அமெரிக்காவில் காவல்லிட்டோ, பெய்லி என்னும் இருவர் 1944இல் அல்லிசினைப் பிரித்தெடுத்து, நுண்ணுயிர்களின் வளர்ச்சியை அது தடுப்பதைக் காட்டினர். ஆனால் அது நிலையற்றது. வைத்திருந்தாலும் சூடாக்கினாலும் வேறு சேர்மங்களாகச் சிதைந்துவிடும்.

வெங்காயத்திலும் இத்தகைய ஏற்பாடே உள்ளது. அங்கே அல்லியினுக்கு மாறாக அதன் உறவுச் சேர்மம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து பிறக்கும் கந்தகச் சேர்மம் எளிதில் ஆவியாகிக் கண்ணைச் சேர்ந்து நீர் வரவழைக்கிறது. அதனை உண்டாக்குவதற்கென்றே தனியாக ஒரு நொதி உள்ளது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் வெளிப்படுத்தினர். மண்ணுக்குள் ஓட இயலாமல் கிடக்கும் ஓர் உயிர், தன்னைக் காயப்படுத்துவதைத் தடுக்கக் கொண்டிருக்கும் காவல் இது. ஓரறிவுயிரும் தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிறது என்பதற்கு வேதியியல் தரும் சான்றாகவும் இதனைக் கொள்ளலாம்.

பூண்டு இதய நோய்க்கு மருந்து என்னும் கூற்றுக்கு வருவோம். பூண்டுச் சாரம் கொண்டு பல சோதனைகள் நடந்துள்ளன. இரத்த அழுத்தம் மிகுந்தவர்களுக்குச் சிறிதளவு குறைவு காணப்பட்டதாக அவற்றுள் சில கூறுகின்றன. இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதையும் அது ஓரளவு தடுக்கும். இதனாலேயே அறுவை மருத்துவத்துக்கு முன் பூண்டு மாத்திரைகளை நிறுத்துமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். இவை உண்மை, மறுக்க வேண்டியதில்லை. விரதத்தைக் காப்பதற்காகப் பூண்டை நஞ்சு என்று கூறுவது சத்திய விரதத்துக்குப் பொருந்தாது. ஆனால் இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் தரும் மருந்தின் இடத்தைப் பூண்டு பெற இயலாது. பூண்டு உண்ணாமையால் வரும் நோய் என ஒன்று மருத்துவ நூல்களில் இல்லை. உடலுக்கு இன்றியமையாத பொருள் எதுவும் பூண்டில் மட்டுமே கிடைப்பதன்று.

விரத இல்லத்தின் அஞ்சறைப் பெட்டி

கந்தகத்தின் நாற்றமே விலக்குக்குக் காரணம் என்றால், விரத இல்லத்தின் சமையலறையில் முதலில் விலக்கப்பட வேண்டியது பெருங்காயம். ஈரான், ஆப்கானிஸ்தான் முதலிய வறண்ட நாடுகளில் வளரும் ஒரு செடியின் வேர்த்தலைப்பைக் கீற, வடிந்து உறையும் பிசினே பெருங்காயம். அதன் நெடிக்குக் காரணமும் இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் டைசல்ஃபைடு வகைச் சேர்மங்களே. வெங்காயம் சேர்க்காத சாம்பாரில் பெருங்காயம் அவ்விடத்தை நிரப்புவது தற்செயல் அன்று. இரண்டும் வேதியியலில் உறவுடையவை. இந்தியா நெடுங்காலமாக இதனை இறக்குமதி செய்தே வந்தது. 2020இல் இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் இதன் நாற்றுகள் நடப்பட்டு உள்நாட்டுச் சாகுபடிக்கு முயற்சி தொடங்கியது.

அடுத்தது கடுகு. அதில் கந்தகமும் சர்க்கரையும் கூடிய ஒரு சேர்மமும், அதனைப் பிளக்கும் நொதியும் பூண்டில் போலவே தனித்தனியே உள்ளன. கடுகை நீர் விட்டு அரைத்தால் இரண்டும் கலந்து மூக்கில் ஏறும் காரம் பிறக்கிறது. சுடு எண்ணெயில் இட்டுத் தாளித்தாலோ வெப்பத்தில் நொதி செயலிழந்துவிடுகிறது. அதனால் காரம் அடங்கி மணம் மட்டும் எஞ்சுகிறது. முருங்கை, முட்டைக்கோசு, முள்ளங்கி ஆகியவற்றின் தனி மணமும் இவ்வகைச் சேர்மங்களாலேயே அமைந்தது. இவற்றுள் முருங்கைக்காய் விரத இல்லத்தில் ஏற்கப்படுகிறது, முள்ளங்கி விலக்கப்படுகிறது. கந்தகம் இரண்டிலும் உண்டு. வேறுபாடு எங்கே இருக்கிறது? ஒன்று மரத்தில் காய்ப்பது. மற்றொன்று மண்ணுக்குள் விளையும் கந்தமூலம்.

இதனால் தெளிவது ஒன்று. சமண ஆகமங்கள் கந்தமூலத்தை விலக்கும் முதற்காரணம் நாற்றம் அன்று, உயிர். ஓர் உடலில் எண்ணிறந்த உயிர்கள் பொதுவாக உறையும் அனந்தகாயம் என்று அவை கிழங்குகளைக் குறிக்கின்றன. காயைப் பறித்தால் மரம் வாழ்கிறது. கிழங்கைத் தோண்டினால் செடி முழுதும் அழிகிறது. மண்ணில் வாழும் சிற்றுயிர்களும் மடிகின்றன. உணர்ச்சியைத் தூண்டும் என்பதும் கூறப்படுவதுண்டு. எனினும் உருளைக்கிழங்குக்கு நெடியும் இல்லை, காரமும் இல்லை. அதுவும் அவ்விலக்கில் அடங்குகிறது. ஆகவே கந்தகச் சேர்மங்களின் நன்மையை விஞ்ஞானம் எத்தனை கண்டறிந்தாலும் விரதத்தின் அடிப்படை அதனால் அசைவதில்லை. அசையக் கூடிய இடத்தில் அது கட்டப்படவே இல்லை.

உடல் வேண்டும் கந்தகம்

பூண்டை விலக்கியவர்க்கும் கந்தகம் வேண்டும். வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 140 கிராம் கந்தகம் உள்ளது. அதில் பெரும்பகுதி புரதங்களில், மெத்தியோனின், சிஸ்டீன் என்னும் இரண்டு அமினோ அமிலங்களாக அமைந்துள்ளது. மெத்தியோனினை உடல் தானே செய்துகொள்ள இயலாது. உணவின் வழியே பெற வேண்டும். புலால் உண்ணாதவர் இதில் கருத்துச் செலுத்த வேண்டும். பருப்பு வகைகளில் மெத்தியோனின் குறைவு, லைசின் என்னும் வேறோர் அமினோ அமிலம் மிகுதி. அரிசியில் லைசின் குறைவு, மெத்தியோனின் ஒப்பளவில் மிகுதி. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. அரிசியும் உளுந்தும் கூடிய இட்டலி, அரிசியும் பயறும் கூடிய பொங்கல், பருப்புச் சாதம் ஆகியவை இதனை எளிதில் நிறைவு செய்கின்றன. எள்ளில் மெத்தியோனின் மிகுதி. இட்டலிக்கு எள்ளுப் பொடி தொட்டுக்கொள்ளும் வழக்கம் நாவுக்கு மட்டும் நன்மை செய்வதன்று.

உடல் வேண்டும் மற்றொரு கந்தகச் சேர்மம் தயாமின். பி1 வைட்டமின் என்று அறியப்படுவது இதுவே. கந்தகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இப்பெயரின் முதலில் நிற்கிறது. இது குறைந்தால் கால் நரம்பும் இதயமும் தளரும் பெரிபெரி நோய் வரும். தீட்டிய வெள்ளையரிசி உண்ட கோழிகளுக்கு இந்நோய் போன்ற தளர்ச்சி வருவதை ஜாவாவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் 1890களில் கண்டார். தயாமினின் அமைப்பைத் தெளிந்து 1936இல் அதனைச் செயற்கையாக உருவாக்கியவர் இராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்கரான அவர் பிறந்தது அந்நாளைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில். அம்மாகாணத்தில் பச்சரிசியைத் தீட்டி உண்ட வட மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தென் மாவட்டங்களில் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. இந்நோயை ஆராயக் குன்னூரில் 1918இல் தொடங்கப்பெற்ற சிறு ஆய்வுப் பிரிவே பின்னர் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

உபவாசம் மேற்கொள்வோர் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். உடலில் தயாமின் சேமிப்பு மிகக் குறைவு; ஏறத்தாழ 30 மில்லிகிராம். உணவில் வராவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். ஒரு நாள், மூன்று நாள் உபவாசத்தால் நலமுடையவருக்கு இதில் இடர் இல்லை. பல நாள் நீளும் உபவாசத்துக்குப் பின் பாரணை செய்யும்போது சர்க்கரையும் மாவுப் பண்டமும் மிகுதியாகக் கொடுத்தால், அவற்றைச் செரித்து ஆற்றலாக்க உடல் திடீரெனத் தயாமினைக் கேட்கிறது. இல்லாதபோது மூளையும் இதயமும் பாதிக்கப்படலாம். பாஸ்பேட் முதலிய உப்புகளும் இரத்தத்தில் சரிந்து உயிருக்கே இடர் நேரலாம். ஆதலால் நீண்ட உபவாசத்தின் பாரணை சிறுகச் சிறுக நடைபெற வேண்டும். மருத்துவரின் துணையும் அவர் தரும் தயாமினும் வேண்டும். நீரிழிவு, இதய நோய் உடையவர் உபவாசம் தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். தவத்தை நிறைவு செய்த உயிர் பாரணையில் துன்புறலாகாது.

ஔஷத தானமும் கந்தக மருந்துகளும்

ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தைச் சமணம் வைத்தது. தமிழில் அறநூல்களுக்கு ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்துகளின் பெயரையே சூட்டியவர்களும் சமணச் சான்றோர்களே. அத்தானத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் கந்தகம் அளித்த துணை பெரிது.

ஜெர்மனியில் கிளாரர், மீட்ச் என்னும் வேதியியலார் 1932இல் ஒரு சிவப்புச் சாயத்தைத் தயாரித்தனர். அதில் கந்தகம் அடங்கிய சல்ஃபோனமைடு என்னும் பகுதி இருந்தது. கெர்ஹார்டு டோமாக் அதனைக் கிருமி தொற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மருந்து பெற்றவை பிழைத்தன, பெறாதவை மடிந்தன. அவ்வெலிகளின் உயிரும் இம்மருந்தின் விலையில் அடங்கியது என்பதை மறைக்காமல் கூறுவதே அறம். சில ஆண்டுகளில் டோமாக்கின் மகளுக்கே ஊசி குத்திய கையில் கடுந்தொற்று ஏற்பட்டது; அம்மருந்தே அவளைக் காத்தது. 1935இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தார், நிறத்துக்கும் குணத்துக்கும் தொடர்பில்லை, உடலில் பிரியும் சல்ஃபானிலமைடு என்னும் எளிய பகுதியே மருந்து என்று கண்டனர். கிருமிகள் ஃபோலிக் அமிலத்தைத் தாமே செய்துகொள்கின்றன. மனிதர் உணவில் பெறுகின்றனர். கிருமி செய்யும் அவ்வேலையைச் சல்ஃபா மருந்து தடுப்பதால் மனிதருக்குப் பெருந்தீங்கின்றி நோய் தணிகிறது. பெனிசிலின் பரவும் முன் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலிலிருந்து எண்ணற்ற தாய்மார்களைக் காத்தவை இம்மருந்துகள். பெனிசிலினின் மூலக்கூறிலும் ஒரு கந்தக அணு உண்டு.

மருந்து நல்லதாயினும் அதனைக் கரைத்த நீர்மம் தீயதாகலாம் என்பதற்கும் இவ்வரலாற்றிலேயே சான்று உண்டு. 1937இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்ஃபானிலமைடை டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு நீர்மத்தில் கரைத்து இனிப்பு மருந்தாக விற்றது. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருந்தை விற்குமுன் அதன் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டில் 1938இல் பிறந்தது இதன் விளைவே.

தமிழகத்துக்கு மிக அணுக்கமான கந்தக மருந்து டாப்சோன். சல்ஃபா மருந்துகளுக்கு உறவான சல்ஃபோன் வகையைச் சேர்ந்தது. தொழுநோய்க்கு முன்னாளில் நீரடிமுத்து எண்ணெயே கதி. அதனை ஊசியாக ஏற்றும்போது வலி மிகுதி, பயன் உறுதியில்லை. நோயுற்றவர் ஊரையும் உறவையும் இழந்து ஒதுங்கி வாழ்ந்தனர். 1940களில் செங்கற்பட்டை அடுத்த திருமணியில், லேடி வில்லிங்டன் பெயரால் அமைந்த தொழுநோய் இல்லத்தில், மருத்துவர் இராபர்ட் காக்ரேன் டாப்சோனை எண்ணெயில் கலந்து நோயாளிகளுக்குச் செலுத்தி நற்பயன் கண்டார். விரைவிலேயே அது மலிவான மாத்திரையாக எங்கும் பரவியது. அம்மருந்து ஒன்றையே நம்பியதால் அதற்கு அடங்காத கிருமிகள் தோன்றின. அதனால் 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, டாப்சோனோடு வேறு மருந்துகளையும் கூட்டிக் கொடுக்கும் முறையை வகுத்தது. 2005இல் இந்தியாவில் தொழுநோய் பத்தாயிரம் பேரில் ஒருவர் என்னும் அளவுக்குக் கீழே வந்தது. காஞ்சி, வந்தவாசி, திண்டிவனம் என்று சமணக் குடும்பங்கள் வாழும் ஊர்களுக்கு அருகிலேயே திருமணி உள்ளது. மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம் இன்று அங்கே இயங்குகிறது.

நோய்க்கிருமியும் உயிர்தானே என்று வினவுவோர் உண்டு. இல்லறத்தாரின் அணுவிரதம் முதன்மையாக விலக்குவது, கொல்ல வேண்டும் என்று கருதிச் செய்யும் சங்கல்ப இம்சையை. நோயைத் தணிக்க மருந்துண்பதும் நோயாளிக்கு மருந்தளிப்பதும் அவ்வகையில் அடங்குவன அல்ல. அடங்குமாயின் ஔஷதம் தானமாக வைக்கப்பட்டிருக்காது.

சல்ஃபா மருந்து சிலருக்கு ஒவ்வாது. தடிப்பும் காய்ச்சலும் தோன்றும். அத்தகையோர் அதனை மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும். ஆனால் அது அம்மருந்தின் அமைப்புக்கு வந்த ஒவ்வாமை. கந்தகம் என்னும் தனிமத்துக்கு வந்ததன்று. சல்ஃபா ஒவ்வாதவர் பெருங்காயத்தையோ கடுகையோ விலக்க வேண்டியதில்லை.

எங்கிருந்து வந்தது?

இனி இரண்டாம் வினா. விரதத்தின் காரணம் உயிர் என்று தெளிந்தபின், ஒரு மருந்தைக் குறித்துக் கேட்க வேண்டியது அதில் கந்தகம் உண்டா என்பதன்று; அது எங்கிருந்து வந்தது என்பதே.

சாதுக்களின் கையில் உள்ள மயிற்பீலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இறகும் முடியும் நகமும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. அப்புரதத்தின் உறுதிக்குக் காரணம் சிஸ்டீனின் கந்தக அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக் கட்டும் பாலங்கள். மயில் தானே உதிர்த்த இறகு தூயது. கொன்று பறித்த இறகு வேதியியலில் வேறன்று, அறத்தில் வேறு.

இன்சுலினின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 1921இல் கனடாவின் டொரோண்டோவில் கண்டறியப்பட்ட அது, பல்லாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. விரதமுடையோர்க்கு அது பெரும் மனவேதனை. பிரெடரிக் சாங்கர் 1955 அளவில் இன்சுலினின் முழு அமைப்பையும் தெளிந்தார்: இரண்டு சங்கிலிகள், மூன்று கந்தகப் பாலங்கள். அவ்வறிவின் துணையால் நுண்ணுயிர்களின் வழியே மனித இன்சுலினை ஆக்கும் முறை வளர்ந்து 1982இல் அமெரிக்காவில் ஏற்பளிப்புப் பெற்றது. இன்று மருத்துவர்கள் எழுதும் இன்சுலின் பெரும்பாலும் இவ்வழியில் வந்ததே. இன்சுலின் என்ற பெயர் கேட்டே அஞ்சிய காலம் கடந்துவிட்டது. அவ்வச்சத்தால் ஊசியைத் தள்ளிப் போடுவோர் உளராயின் அதற்கு இன்று காரணம் இல்லை.

ஹெப்பாரின் நிலை வேறு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் இம்மருந்து கந்தகத் தொகுதிகள் நிறைந்த சர்க்கரைச் சங்கிலி. 1916இல் கண்டறியப்பட்ட நாள் முதல் விலங்குகளிலிருந்தே எடுக்கப்பட்டு வருகிறது. இன்று பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து. இதய அறுவை மருத்துவத்திலும் சிறுநீரகக் கழிவு நீக்கத்திலும் அதன் இடத்தை முழுதும் கொள்ளக் கூடிய மாற்று இன்னும் அமையவில்லை. சில நிலைகளில் ஃபோண்டாபாரினக்ஸ் என்னும் முழுச் செயற்கை மருந்து பயன்படும். ஐந்து சர்க்கரைக் கண்ணிகளும் எட்டுக் கந்தகத் தொகுதிகளும் கொண்ட அதில் விலங்கின் பங்கு இல்லை. எவருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே கூற இயலும். திட்டமிட்ட அறுவை மருத்துவமாயின் முன்பே மருத்துவரிடம் விரதத்தைக் கூறி மாற்று உண்டா என்று கேட்கலாம். உயிர் ஊசலாடும் நேரத்தில் வாயிலில் நின்று வாதிடுதல் தகாது. பின்னர் பிராயச்சித்தத்துக்கு இடம் உண்டு; போன உயிருக்கு மீட்சி இல்லை.

மருத்துவர் சொல்லாமலே வாங்கப்படும் பொருள்களில்தான் கவனம் மிக வேண்டும். முழங்கால் வலிக்கென விற்கப்படும் காண்ட்ராய்டின் சல்ஃபேட் மாடு, பன்றி, சுறா முதலியவற்றின் குருத்தெலும்பிலிருந்து வருவது. அதனோடு கூட்டப்படும் குளுக்கோசமின் பெரும்பாலும் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. அமெரிக்காவில் நிகழ்ந்து 2006இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், இவை வெற்று மாத்திரையைக் காட்டிலும் ஒட்டுமொத்தத்தில் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. ரொட்டி மாவை மென்மையாக்கச் சேர்க்கப்படும் சிஸ்டீன், 920 என்னும் எண்ணால் குறிக்கப்படுவது, இறகிலிருந்தோ முடியிலிருந்தோ எடுக்கப்பட்டதாக இருக்கலாம். நுண்ணுயிர் வழி ஆக்கப்பட்டதாகவும் இருக்கலாம். மருந்துக் குப்பிகளின் மேலுறை பலவும் விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டின். தாவர நாரில் செய்த உறைகளும் கிடைக்கின்றன. உணவுப் பொட்டலங்களில் காணும் பச்சைப் புள்ளி மருந்துப் பட்டைகளில் பொதுவாக இருப்பதில்லை. ஆகையால் கேட்டே அறிய வேண்டும்.

நிறைவாக

இல்லந்தோறும் ஒரு தாளில், மூத்தோர் உண்ணும் மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாத மருந்து, கொண்டுள்ள விரதம் ஆகியவற்றை எழுதி வைத்தல் நலம். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அத்தாளைக் காட்டி, எவற்றில் விலங்குப் பொருள் உண்டு, எவற்றுக்கு மாற்று உண்டு என்று கேட்கலாம். விடை வரும் வரையில் எம்மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது. மருந்து வாங்க இயலாத நோயாளி ஒருவருக்கு ஒரு மாத மருந்தை இத்திருநாளில் அளிக்க இயலுமாயின், அது முன்னோர் வகுத்த ஔஷத தானமாகும்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். கந்தகத்தைப் பற்றி ஆய்வுக்கூடம் கூறுவதை அச்சமின்றிக் கற்கலாம். அதனால் விரதத்துக்கு ஊறு இல்லை. பூண்டை விலக்கியவரின் தட்டிலும் பெருங்காயம் மணக்கிறது. புழுங்கலரிசியில் தயாமின் இருக்கிறது. எள்ளில் மெத்தியோனின் இருக்கிறது. விலக்கப்பட்டது கந்தகம் அன்று; பிற உயிருக்குச் செய்யும் துன்பமே.

எவ்வுயிரும் நோயின்றி வாழ்க. அறம் தழைக்க.